பானை ஓட்டுக்கு 18 கோடியா?

2023 மார்ச் 11, காலை (கேள்வி, திண்டுக்கல் வாசகர் ஒருவர்)

கீழடியில் போன வாரம் 18 கோடி ரூபாய் செலவில் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அடுத்தது திருநெல்வேலியில் கட்டப் போகிறார்களாம். ஆதிச்சநல்லூரில் மத்திய அரசு ஒன்று. ஊருக்கு ஊர் மியூசியம் கட்டினால் யார் போய்ப் பார்ப்பது? உடைந்த பானை ஓட்டை ஒரு தடவை பார்ப்பார்கள், செல்ஃபி எடுப்பார்கள், அப்புறம் காற்று வாங்கும். அந்தப் பணத்தில் நாலு கண்மாயைத் தூர்வாரியிருக்கலாம். அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

2023 மார்ச் 11, இரவு

நான் அந்தப் பக்கத்துக்காரன்தான் அண்ணே. திருப்புவனம். மதுரை–ராமேஸ்வரம் ரோட்டில் பதினோரு வருஷமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். யார் போகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், திரும்பி வந்து வண்டியில் ஏறும்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். காத்திருப்பதுதானே எங்கள் வேலையில் பாதி.

திறப்பு விழா மார்ச் 5. அதற்குப் பிறகு இந்த ஆறு நாளில் மூன்று தடவை போய்விட்டேன். இரண்டு தடவை சவாரிக்கு, ஒரு தடவை எனக்காக. ஒரு விஷயம் மட்டும் முதலில் சொல்கிறேன். 2015, 2016-ல் "கீழடி போகணும்" என்று யாராவது கேட்டால் சிலைமான் தாண்டி இடது பக்கமா வலது பக்கமா என்று எங்களுக்குள்ளேயே சண்டை வரும். தென்னந்தோப்புக்குள் நாலைந்து குழி, ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். பார்க்க வந்தவர்களை ஊர்க்காரர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். இப்போது ராமேஸ்வரம் போகிற வடநாட்டுக் குடும்பமே "வழியில் கீழடி நிறுத்துங்கள்" என்கிறது.

பானை ஓட்டைப் பார்க்க யார் வருவார் என்கிறீர்கள். அந்த ஓட்டைக் கழுவியவர் என் அம்மா. அதைத் தனியாக எழுதுகிறேன், இப்போது வண்டி எடுக்க வேண்டும்.

2023 மார்ச் 12

நேற்று அவசரத்தில் விட்டது.

2018-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை நான்காம் கட்ட அகழாய்வைத் தொடங்கியபோது ஊர்ப்பக்கம் இருந்து நிறைய பேரை வேலைக்கு எடுத்தார்கள். அம்மா முதலில் மண் கூடை சுமந்தார். அப்புறம் ஓடு கழுவுகிற இடத்துக்கு மாற்றினார்கள். குழியில் இருந்து வருகிற ஓடுகளை, எந்தக் குழி, எத்தனை அடி ஆழம் என்று எழுதிய பையோடு கொடுப்பார்கள். ஒரு பையின் ஓடு இன்னொரு பைக்குப் போய்விடக் கூடாது. தண்ணீரில் நனைத்து, மென்மையான பிரஷால் தேய்த்து, நிழலில் பரப்பிக் காயவைக்க வேண்டும்.

அம்மா சொல்வார்: "கண்ணுக்கு முன்னால கட்டைவிரலுக்குத் தெரிஞ்சிரும்." ஓட்டின் மேல் விரலை ஓட்டும்போது வழவழவென்று போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ஓர் இடத்தில் விரல் தடுக்கும். அது வெறும் விரிசலா, யாரோ கீறிய கோடா என்பது தடுக்கிற விதத்திலேயே தெரியுமாம். விரிசல் என்றால் ஓரம் கூராக இருக்கும். ஆள் கீறியது என்றால் பள்ளம் மழுங்கலாக, ஒரே ஆழமாக இருக்கும். அப்படி ஒன்று வந்தால் கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகள் 56 கிடைத்தன. குறியீடு கீறியவை ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் எத்தனை அம்மாவின் விரலில் தடுக்கியவை என்று கணக்கில்லை. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். "ஆதன்" என்று எழுதியிருப்பதாக அங்கிருந்த பிள்ளைகள் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அம்மா இன்னும் மியூசியத்தைப் பார்க்கவில்லை. முழங்கால் வலி. "அதான் நான் கழுவினதுதானே" என்கிறார்.

2023 மார்ச் 13

மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் சிறு குறிப்பு: அருங்காட்சியகம் இருப்பது கீழடியில் அல்ல, பக்கத்து ஊர் கொந்தகையில். இரண்டு ஏக்கர், 31,000 சதுர அடி. செட்டிநாட்டு வீடு மாதிரி நடுவில் முற்றம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். கொந்தகை அந்தக் காலத்து ஈமக்காடு, முதுமக்கள் தாழிகள் கிடைத்த இடம். கீழடி வாழ்ந்த இடம். அகரம், மணலூர் இரண்டும் அதே தொகுப்பில் வருகின்றன. ஆக நாலு ஊர்.

2023 மார்ச் 19

திண்டுக்கல் அண்ணன் மறுபடி எழுதியிருக்கிறார்: "கழுவியவர்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் 18 கோடி 18 கோடிதான்."

நியாயமான பேச்சு. கண்மாய் தூர்வாருவது வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உள்ளே வேளாண்மைக்கும் நீர் மேலாண்மைக்கும் என்றே ஒரு கூடம் இருக்கிறது. சுடுமண் உறைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய உறைகிணறு அங்கே இருக்கிறது. போன சவாரியில் வந்த பெரியகுளத்து விவசாயி ஒருவர் மற்ற எதையும் பார்க்காமல் அந்த உறையின் முன்னால் மட்டும் கால் மணி நேரம் நின்றார். அவர் தாத்தா இறக்கிய கிணற்றிலும் அதே மாதிரி உறைதானாம். வண்டியில் வரும்போது பக்கத்தில் இருந்தவர்களிடம் தன் ஊர்க் கண்மாயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார், மடை எது, கலிங்கு எது என்று. கண்மாய்க்குப் பணம் கேட்கிற வாயை இந்தக் கட்டடம் அடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூடுதலாகக் கேட்க வைக்கும்.

2023 மார்ச் 20

என் சொந்தத் திருத்தம். முந்தாநாள் இன்னொரு இடத்தில் "கீழடிப் பொருள் எல்லாம் 2600 வருஷம்" என்று எழுதினேன். தப்பு. நான்காம் கட்டத்தில் எடுத்த ஆறு கரிம மாதிரிகளை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவற்றில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒன்றுக்குத்தான் கி.மு. 580 என்று காலம் வந்தது. மேல் அடுக்குகளில் கிடைத்தவை அதற்குப் பிந்தியவை. ஒரே குழிக்குள் பல நூற்றாண்டு அடுக்கடுக்காக இருக்கிறது. டூரிஸ்டுகளிடம் "2600 வருஷத்துப் பானை" என்று எதைக் காட்டினாலும் சொல்கிற பழக்கம் எங்கள் டிரைவர்கள் எல்லோருக்கும் உண்டு, எனக்கும். இனிமேல் மாற்றிக்கொள்கிறேன். வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஆழம் என்று சொன்னால்தான் சுவாரசியமே வருகிறது. ஆளுயரம் ஒன்றரை பங்கு தோண்டினால் புத்தருக்கு முன்னால் போய் நிற்கலாம் என்றால் குழந்தைகள் வாயைப் பிளக்கிறார்கள்.

(மேலே உள்ளதற்கே இன்னொரு திருத்தம், அன்று மாலை: 353 சென்டிமீட்டர் என்பது பதினொன்றரை அடி. இரண்டு ஆளுயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தர் காலம் பற்றியும் ஆராய்ச்சியாளர்களுக்குள் வேறு வேறு கணக்கு இருக்கிறதாம். ஒரு வாசகர் சொன்னார். அதனால் அந்த ஒப்பீட்டை எடுத்துவிடுகிறேன்.)

2023 ஏப்ரல் 9

டிக்கெட் போட்டுவிட்டார்கள். பெரியவர்களுக்கு 15 ரூபாய், மாணவர்களுக்கு 5 ரூபாய். கோயில் வாசலில் செருப்பு வைக்கவே பத்து ரூபாய் கொடுக்கிறோம், ஆகவே இதில் எனக்கு வருத்தமில்லை.

இன்றைக்கு மானாமதுரையில் இருந்து மாமாவைக் கூட்டிப் போனேன். அவர் குயவர். கடம் செய்கிறவர்கள் இருக்கிற அதே தெரு, இவர் கடம் செய்வதில்லை, அடுப்பும் பானையும்தான். கருப்பு-சிவப்புப் பானை வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை. உள்ளேயும் வாய் ஓரமும் கரேல் என்றிருக்கிறது, வெளியே கீழ்ப்பகுதி செக்கச்சேவேல் என்றிருக்கிறது. இரண்டு வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்தேன்.

மாமா சொன்னார்: "வண்ணம் இல்லப்பா. கவுத்திப் போட்டுச் சுட்டிருக்கான்." பானையை வாய் கீழாகக் கவிழ்த்து, அடியில் உமி, வைக்கோல், இலை இந்த மாதிரி போட்டு அடுக்கினால் உள்ளே காற்று போகாது. புகை உள்ளேயே நின்று மண்ணைக் கருப்பாக்கிவிடும். வெளிப்பக்கம் தீயும் காற்றும் படுவதால் சிவக்கும். கருப்பும் சிவப்பும் சேருகிற இடத்தில் கோடு நேராக இல்லாமல் அலை அலையாக இருப்பதைக் காட்டினார். சாம்பல் மேடு அந்த உயரம் வரைக்கும் இருந்திருக்கிறது, அந்தப் பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கிறது என்றார். அடுக்கியவன் அவசரக்காரன் என்றும் சொன்னார். பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற காலேஜ் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

பெட்டிக்குக் கீழே இருந்த குறிப்பில் பானையின் பெயர் இருந்தது. மாமா சொன்னது எதுவும் இல்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது ஒரு குயவரையும் ஒரு தறிக்காரரையும் முற்றத்தில் உட்கார வைத்தால் போதும். தக்களி வைத்திருக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் நூல் நூற்றுக் காட்ட ஒருவர் இருந்தால், அது என்ன பம்பரமா என்று குழந்தைகள் கேட்க மாட்டார்கள்.

2023 மே 21

பொருநை அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டிவிட்டார்கள். திருநெல்வேலி ரெட்டியார்பட்டியில் 13 ஏக்கர். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மூன்று இடத்துப் பொருட்களும் அங்கே வரும். சிவகளைத் தாழி ஒன்றில் கிடைத்த நெல் உமியைச் சோதித்துக் கி.மு. 1155 என்று காலம் வந்ததைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்களே, 2021 செப்டம்பரில், அப்போது சொன்ன வாக்குறுதி.

நெல்லை நண்பர் ஒருவர் கேட்கிறார்: "மூன்று ஊர்ப் பொருளையும் எடுத்து வேறு ஊரில் வைத்தால் அந்த மூன்று ஊருக்கும் என்ன மிச்சம்?" நல்ல கேள்வி. எனக்கு இதில் இரண்டு மனம். நெடுஞ்சாலை ஓரம் இருந்தால்தான் வண்டி நிற்கும், இது டிரைவராக என் அனுபவம். ஆனால் கொற்கையில் முத்து எடுத்த கதையைக் கொற்கையில் நின்று கேட்பது வேறு. அந்தக் காலத்தில் துறைமுகம், இன்றைக்குக் கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. வயலுக்கு நடுவில் நின்றுகொண்டு "இங்கேதான் கப்பல் நின்றது" என்று கேட்டால்தான் உடம்பு சிலிர்க்கும்.

2023 ஆகஸ்ட் 20

ஆதிச்சநல்லூர் போய் வந்தேன். சவாரி இல்லை, சொந்தச் செலவு. திருநெல்வேலி–திருச்செந்தூர் ரோட்டில், ஸ்ரீவைகுண்டம் பக்கம். இந்த மாதம் 5-ஆம் தேதிதான் மத்திய நிதியமைச்சர் வந்து அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டி, தோண்டிய இடத்திலேயே அமைத்த காட்சிக்கூடத்தையும் திறந்துவைத்தார். 2020 பட்ஜெட்டில் நாட்டில் ஐந்து தொல்லியல் இடங்களை எடுத்துக்கொண்டார்கள், அதில் இது ஒன்று.

குழியை மூடாமல் அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கண்ணாடி மேல் நடந்து கீழே பார்க்கலாம். கல் மேட்டைக் குடைந்து பள்ளம் செய்து, பள்ளத்துக்குள் தாழியை இறக்கியிருக்கிறார்கள். முதல் அடி வைக்கும்போது கால் கூசுகிறது. உடைந்துவிடும் என்ற பயம் இல்லை. கீழே ஒரு ஆள் படுத்திருந்த இடம், அதன் மேல் நிற்கிறோம் என்ற கூச்சம். என் முன்னால் போன ஓர் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அவரைப் பார்த்துப் பின்னால் வந்த நாங்களும் கழற்றினோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது பொருள். இருந்த இடத்திலேயே பார்த்தால் அது ஒரு குடும்பத்தின் துக்கம். நெல்லை நண்பருக்கு என் பதில் இப்போது மாறிவிட்டது: ரெட்டியார்பட்டியும் வேண்டும், ஆனால் ஒவ்வோர் ஊரிலும் ஒரு குழியாவது திறந்து இருக்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 22

"ஆதிச்சநல்லூர்ப் பொருளை எல்லாம் வெள்ளைக்காரன் ஜெர்மனிக்குக் கொண்டுபோய்விட்டான்" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். விசாரித்ததில்: 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அதற்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ என்பவர் வருஷக்கணக்கில் தோண்டினார். அவர் எடுத்த வெண்கலப் பொருட்கள், இரும்பு வாள்கள், நெற்றியில் கட்டுகிற தங்கப் பட்டம் எல்லாம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. ஆக, ஒரு பங்கு பெர்லினில், பெரும்பங்கு சென்னையில்.

ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை அந்தத் தங்கப் பட்டத்தைப் பார்க்க 600 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். எழும்பூர் 1851-ல் தொடங்கியது, கல்கத்தாவுக்கு அடுத்துப் பழைய மியூசியம் என்று பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் தெற்கே வைக்க இடமில்லை என்பதால் வடக்கே போன பொருட்கள் அவை. இப்போது தெற்கே இடம் வருகிறது. 18 கோடி எதற்கு என்ற கேள்விக்கு என் பெரிய பதில் இதுதான் அண்ணே.

2023 அக்டோபர் 15

மனசு கசந்த ஒரு நாளையும் எழுத வேண்டும்.

பெயர் வேண்டாம், ஒரு மாவட்டத் தலைநகர். பழைய அருங்காட்சியகம். கும்பகோணத்தில் இருந்து வந்த ஆசிரியர் குழுவைக் கூட்டிப் போனேன். வாசலில் டிக்கெட் கொடுத்தவரே உள்ளே ஓடிப்போய் விளக்குப் போட்டார். அவரே மூன்றாவது கூடத்தைத் திறந்தார். அவரே கூட்டிப் பெருக்கியும் இருந்திருக்கிறார், விளக்குமாறு கதவோரம் நின்றது. ஒரு கூடத்தில் மூன்று விளக்கில் ஒன்றுதான் எரிந்தது. சிலை ஒன்றின் கீழே "கற்சிலை" என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த ஊர், யார் கண்டெடுத்தது, எந்தக் காலம், எதுவும் இல்லை. கல் என்று பார்த்தாலே தெரிகிறதே.

வந்த டீச்சர் ஒருவர் அந்த மனிதரிடம் மெதுவாகக் கேட்டார், இது எங்கிருந்து வந்தது என்று. அவருக்குத் தெரிந்திருந்தது! ஊர்ப் பெயர், எந்தக் கண்மாயில் கிடந்தது, மாட்டு வண்டியில் கொண்டுவந்தது, எல்லாம் சொன்னார். அவருக்கு முன்னால் வேலை பார்த்தவர் சொல்லிக் கொடுத்ததாம். இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. அவர் போய்விட்டால் அந்தக் கல்லுக்கு ஊர் இல்லாமல் போய்விடும். ஒரு தாளில் எழுதி ஒட்ட எத்தனை கோடி வேண்டும்?

புதிது கட்டுவதை நான் ஆதரிக்கிறேன். பழையதற்கு ஆள் போடாமல் புதிது கட்டுவதை ஆதரிக்க முடியவில்லை.

2023 அக்டோபர் 16

நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டு "அப்போது திண்டுக்கல்காரர் சொன்னது சரிதானே" என்று நாலைந்து பேர். பாதி சரி. அவர் கட்டாதே என்றார், நான் கட்டிவிட்டுக் கைவிடாதே என்கிறேன்.

2024 ஜனவரி 28

கீழக்கரையில், அலங்காநல்லூர்ப் பக்கம், ஏறுதழுவுதல் அரங்கம் 24-ஆம் தேதி திறந்தார்கள். உள்ளே அருங்காட்சியகமும் உண்டு. "இதுவும் பாரம்பரியக் கணக்கில் வருமா" என்று கேட்டிருந்தீர்கள். வாடிவாசல் என்பது ஊருக்கு நடுவில், கோயிலுக்கு முன்னால், கேலரி கட்டிய தெருவில் இருக்கிறது. அலங்காநல்லூர்க்காரர்களுக்கு அந்தத் தெருதான் அரங்கம். புது அரங்கத்தில் வெயிலுக்கு நிழல் இருக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்க இடம் இருக்கிறது, அடிபடுகிறவனுக்கு அது பெரிய விஷயம். இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் எண்ணம்.

2024 பிப்ரவரி 11

காரைக்குடி சவாரி. பழைய சாமான் கடைத் தெருவில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். வாசல் நிலை ஒன்று, மேலே கஜலட்சுமி செதுக்கியது, சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். நிலையின் கீழ்ப்பக்கம், குறுக்குக் கட்டை தேய்ந்து குழிந்திருந்தது. எத்தனை கால் மிதித்த குழி. அந்த வீட்டில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டேன், காலி மனை என்றார்கள். முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்று இருக்கிறதே, அங்கே செட்டிநாட்டு வீடு ஒன்றைத் தூண் தூணாகப் பிரித்துக் கொண்டுபோய் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள், 1996-ல் திறந்தது. வீடாகவே போய்ச் சேர்ந்தது ஒன்று. நிலை தனி, தூண் தனி, ஓடு தனி என்று போனவை எத்தனையோ.

2024 மே 5

கேரளத்துக்குக் குடும்பத்தோடு போனோம், கொடுங்கல்லூர் பகவதியைக் கும்பிட. அங்கே முசிறி பாரம்பரியத் திட்டம் என்று பெரியாற்றுக் கழிமுகத்தில் ஊர் ஊராக மியூசியம் வைத்திருக்கிறார்கள். பரவூர் யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று, சேந்தமங்கலத்தில் பாலியம் அரண்மனை ஒன்று. அகழாய்வு நடந்த பட்டணமும் பக்கத்தில்தான். ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் படகில் போகலாம். எல்லாவற்றையும் ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவந்து அடைக்கவில்லை. அந்தந்த வீடே மியூசியம்.

படகில் உட்கார்ந்திருந்தபோது வைகைதான் நினைவுக்கு வந்தது. கீழடியில் முதலில் அகழாய்வு நடத்திய மத்தியத் தொல்லியல் துறைக் கண்காணிப்பாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா குழு வருசநாட்டில் இருந்து கடல் வரைக்கும் நடந்து 293 இடங்களைக் குறித்தார்கள். அதில் ஒன்றுதான் கீழடி. எங்கள் ஆற்றில் படகு விட முடியாது, தண்ணீர் வருகிற நாள் விரல் விட்டு எண்ணலாம். பஸ் விடலாமே? காலையில் காந்தி மியூசியம், அங்கிருந்து நாயக்கர் மகால், மதியம் கீழடி, அப்புறம் மானாமதுரைக் குயவர் தெரு, ராமநாதபுரம் ராமலிங்க விலாசம், கடைசியில் அழகன்குளம் கடற்கரை. ஒரே சீட்டு. நான் ஓட்டத் தயார்.

2024 மே 6

காந்தி மியூசியத்தை முதலில் போட்டது ஏன் என்று மதுரைப் பெண் ஒருவர் கேட்டார். 1959-ல் நேரு திறந்தது, ராணி மங்கம்மாள் அரண்மனைக் கட்டடம். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி அங்கே இருக்கிறது. 1921-ல் மேல்சட்டையைக் கழற்றி வேட்டிக்கு மாறியது இதே மதுரையில். துணியை விட்டதும் மதுரை, கடைசித் துணி வந்து சேர்ந்ததும் மதுரை. இதை நான் வண்டியில் சொன்னால் எந்த மாநிலத்துக்காரர் என்றாலும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

2024 ஜூன் 16

அம்மாவைக் கூட்டிப் போனேன். ஒரு வருஷம் மூன்று மாதம் கழித்து.

சக்கர நாற்காலி கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தந்தச் சீப்பு, சூதுபவள மணி எதிலும் நிற்கவில்லை. ஓடுகள் வரிசையாக இருக்கிற இடத்துக்கு வந்ததும் கண்ணாடி மேல் கட்டைவிரலை வைத்தார். அழுத்தி, மெதுவாக, இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்கு. காவலுக்கு நின்ற பெண் கண்ணாடியைத் தொடக் கூடாது என்று சொல்ல வந்தவர், அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். "நீங்க குழியில வேலை பார்த்தவங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணின் அத்தையும் வேலை பார்த்தவராம், அகரத்தில்.

அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "எந்தக் குழின்னு போட்டிருக்கா?" போடவில்லை. ஒவ்வொரு பையிலும் எழுதி எழுதிக் கொடுத்தார்களே, அந்த எண் எங்கே போனது என்று கேட்டார். அது அறிக்கைப் புத்தகத்தில் இருக்கும் என்றேன். "புத்தகம் படிக்கிறவுக இங்க எதுக்கு வாராக" என்றார்.

பிறகு குழி இருந்த தோப்புக்குப் போனோம். பெரும்பாலான குழிகளை மூடி நிலத்தைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள், சிலவற்றை மட்டும் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். அம்மா வேலை பார்த்த குழி மேல் புல் முளைத்திருந்தது. சரியாக இரண்டு தென்னை மரத்துக்கு நடுவில் என்று காட்டினார்.

2024 ஜூன் 17

நேற்றைய குறிப்புக்கு இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. ஒருவர் எழுதியிருந்தார்: கீழடிக்கு முதல் அருங்காட்சியகம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடம்தான் என்று. உண்மை. 1970-களில் கிணறு வெட்டியபோது கிடைத்ததைப் பிள்ளைகள் கொண்டுவர, பாலசுப்பிரமணியம் என்ற வரலாற்று ஆசிரியர் அவற்றைச் சேர்த்து வைத்தார், அதிகாரிகளுக்கும் தெரிவித்தார். நாற்பது வருஷம் கழித்து மண்வெட்டி வந்தது.

2024 டிசம்பர் 8

எல்லோரும் அரிட்டாபட்டி பற்றிக் கேட்கிறீர்கள். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு நாயக்கர்பட்டி வட்டாரத்தை ஏலம் விட்டிருக்கிறார்கள், ஏறத்தாழ 5,000 ஏக்கர். அதற்குள் அரிட்டாபட்டியும் வருகிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசு அறிவித்த ஊர்.

அங்கே கட்டடம் கிடையாது, டிக்கெட் கிடையாது. ஏழு குன்று. ஒன்றில் சமணர் படுக்கை, மேலே 2,200 வருஷத்துத் தமிழிக் கல்வெட்டு. இன்னொன்றில் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில். குன்றுக்குக் கீழே சுனை, ஊருக்குள் கண்மாய், மேலே ராசாளி. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கல் உடைக்க விடாமல் காத்து வைத்தது. எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கல்வெட்டைக் காட்டுகிறவர் ஆடு மேய்க்கிறவர்தான். ஈரத்துணியால் ஒற்றினால் எழுத்து தெரியும் என்று ஒரு தடவை சொன்னேன், "துடைக்காதீங்க, சாயங்காலம் வெயில் சாயும்போது வாங்க, தானா தெரியும்" என்றார். தெரிந்தது.

மூன்று மியூசியத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். இந்த ஒன்று போனால் திருப்பிக் கட்ட முடியாது.

2025 ஜனவரி 8

டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று நேற்று மேலூர்ப் பக்கம் இருந்து தல்லாகுளம் வரை நடந்தார்கள். நானும் சவாரியை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தேன். கிழவிகள், கைக்குழந்தைக்காரர்கள், டிராக்டர், கூட்டம் முடிவே இல்லை. கடைக்காரர்கள் தண்ணீர்க் கேனை வாசலில் எடுத்து வைத்துவிட்டார்கள்.

2025 ஜனவரி 24

நேற்று ஒரே நாளில் இரண்டு செய்தி. காலையில் சென்னையில் முதலமைச்சர் இரும்பு பற்றிய அறிக்கையை வெளியிட்டார், சிவகளையில் கிடைத்த மாதிரிக்குக் கி.மு. 3345 வரை காலம் வந்திருக்கிறது. அதே மேடையில் கீழடித் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரம் அருங்காட்சியகத்துக்கும் அடிக்கல். அப்புறம் டெல்லியில் இருந்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலம் ரத்து என்று அறிவிப்பு. மேலூரில் வெடி வெடித்தார்கள்.

கீழடியில் குழியைக் குழியாகவே காட்டப் போகிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "நம்பர் போடச் சொல்லு" என்றார்.

2025 ஜனவரி 26

திண்டுக்கல் அண்ணனிடம் இருந்து இன்று செய்தி வந்தது. அரிட்டாபட்டிக் கல்வெட்டைப் பார்க்க வேண்டுமாம், பேரப்பிள்ளைகள் இருவரையும் கூட்டி வருகிறாராம். தாராளமாக வாருங்கள் அண்ணே. பிப்ரவரி 9, ஞாயிறு. மதியம் இரண்டு மணிக்கு மாட்டுத்தாவணி ஆர்ச் பக்கத்தில் வேன் நிற்கும். பன்னிரண்டு இடம், நாலு போய்விட்டது. டீசல் காசை மட்டும் பகிர்ந்துகொள்வோம். பாறையில் ஏற வேண்டும், வழுக்காத செருப்பாகப் போட்டு வாருங்கள். சமணர் படுக்கைக்கு நாலரை மணிக்குள் போய்விட வேண்டும், வெயில் சாய்வதற்குள்.